புதுப்பிப்பு: பழைய நீவ், எஸ்.எஸ்.எல்., இன்றைய டிஜிட்டல் மேசைகள் – ஒரு திருத்தம்

பதிவான பல ஒலிகளைச் சமன்செய்து ஒன்றாக்கும் ஒலிக்கலவை மேசைகளை ஒப்பிட்டு நான் எழுதிய முந்தைய பதிவில், எஸ்.எஸ்.எல். நிறுவனத்தின் 4000 மேசையின் ‘டோட்டல் ரீகால்’ வசதி எல்லாக் குமிழ்களையும் தானே பழைய நிலைக்குத் திருப்பிவிடும் என்று குறிப்பிட்டிருந்தேன், அது பிழை. அவ்வசதி சேமித்த நிலைகளைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு குமிழையும் உதவியாளர் கையால்தான் பொருத்த வேண்டும். நினைத்தவுடன் அனைத்தையும் மீட்டுத் தருவது இன்றைய டிஜிட்டல் மேசைகளே. ஒரே நாளில் மூன்று பாடல்களைக் கையாளும் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு இது பெரும் வரம்.

1970-இல் வந்த நீவ் 1073-இன் (நீவ் நிறுவன மேசைகளில் ஒலியைப் பெருக்கித் திருத்தும் பகுதி) தனித்தன்மைக்கு அதன் மின்மாற்றிகளை மட்டுமே காரணமாகச் சொல்லியிருந்ததும் குறையான விளக்கம். அதன் கிளாஸ் ஏ வகைப் பெருக்கிச் சுற்றும், மின்தூண்டிச் சுருள்களைக் கொண்டு அமைந்த ஈக்வலைசரும் (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) சேர்ந்தே ஒலிக்கு அந்தத் திரட்சியைத் தருகின்றன. உயர் அதிர்வெண்ணுக்கு 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே நிலையான தெரிவுதான் அதில் உண்டு. இந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாகக் கருதவில்லை, ஏனெனில் குரலைத் திருத்தும்போது அது காதை விரைவில் முடிவெடுக்க வைக்கிறது.

குரல் பதிவுக்கு நீவ், இறுதிக் கலவைக்கு டிஜிட்டல் மேசை என்ற என் பரிந்துரையில் மாற்றமில்லை.