கணு சுத்தம், ஆனால் சிரையில் இருக்கிறது: பெருங்குடல் புற்றுநோய் அனுபவங்கள்

ஈசூன்வாசி:
அப்பாவுக்குப் பெருங்குடலின் இடப்பக்கம் கட்டி. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பத்தோலஜி அறிக்கையில் டி3, என்0: கட்டி குடலின் தசைச்சுவரைத் தாண்டியிருக்கிறது, நிணநீர்க்கணுக்களுக்குப் பரவவில்லை. எடுத்த 19 நிணநீர்க்கணுக்களில் ஒன்றில்கூட புற்று இல்லை. (குறைந்தது 12 கணுக்களாவது பார்த்திருக்க வேண்டும் என்பார்கள்.) இரண்டாம் நிலைதான், இனிக் கவலை இல்லை என்று அம்மா அன்றைக்கே தேக்கா சந்தைக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்துவிட்டார்.

மருத்துவர் கணு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த வரியில் பேனாவை வைத்தார். குடல் சுவருக்கு வெளியே உள்ள சிரைக்குள் கட்டி ஊடுருவியிருக்கிறது. அறிக்கையின் பின்பக்கத்திலேயே படம் போட்டார். குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. சிரைக்குள் நுழைந்த செல் கணுப்பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஆளைக் காணோம் என்று நாம் நிம்மதியாக இருக்க, அவன் இன்னொரு சாவடியான துவாஸ் வழியாக வந்துவிட்ட கதைதான்.

"அப்போ கல்லீரலுக்குப் போயிடுச்சா டாக்டர்?" என்றார் அப்பா. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்றார். சுவருக்குள்ளேயே இருக்கும் சிரையைவிட வெளியே உள்ள சிரையில் இருப்பது மோசமான அறிகுறியாம். இரண்டாம் நிலையில் பலருக்குக் கீமோ தேவைப்படாது. அப்பாவுக்கு இந்த ஒரு வரியால் அந்தப் பேச்சு வந்தது. அதற்கு முன்பு கட்டியின் எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழைகளைச் செல் திருத்திக்கொள்ளும் முறை) முடிவு வரட்டும் என்றார். அதில் குறைபாடு இருந்தால், இரண்டாம் நிலையில் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லையாம். குறைபாடு இல்லை. கேப்சிடபின், 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. உள்ளங்காலெல்லாம் சிவந்து உரிந்து, காப்பிக்கடைக்கு நடப்பதே பெரும்பாடாகிவிட்டது. அளவைக் குறைத்த பிறகு பரவாயில்லை.

லேப்காரி:
நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சிரை முழுக்கக் கட்டி அடைத்துக்கொண்டால், வழக்கமான சாயத்தில் அது சிரை என்றே தெரியாது. ஜோடியாக ஓடும் சிரை தெரியாமல் தமனி மட்டும் துணையில்லாமல் நிற்கும், பக்கத்தில் ஒரு கட்டி உருண்டை. அங்கேதான் சந்தேகம் வரும். எலாஸ்டின் சாயம் (சிரைச் சுவரின் மீள்நார்களைக் கறுப்பாக்குவது) போட்டால் அந்த உருண்டையைச் சுற்றிச் சிரைச் சுவர் கறுப்பு வளையமாக எழும்பும். இந்தச் சாயம் போடும்போது கண்டுபிடிப்பது கூடுகிறது. அதனால் அறிக்கையில் சிரை ஊடுருவல் 'காணப்படவில்லை' என்று இருந்தால், எலாஸ்டின் பார்த்தார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. நிணநாள (நிணநீர் ஓடும் குழாய்) ஊடுருவலா, சிரை ஊடுருவலா என்பதையும் கேளுங்கள். சில அறிக்கைகளில் இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடுவார்கள், எனக்கே எரிச்சலாக இருக்கும்.

தோபாயோ அண்ணன்:
எனக்கு மலக்குடலில். எம்ஆர்ஐயிலேயே கட்டி புகுந்து சிரை தடித்திருப்பது தெரிந்துவிட்டதால் அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள். அடுத்த எம்ஆர்ஐயில் அந்தச் சிரை நன்றாகச் சுருங்கியிருந்தது, அப்புறம்தான் கத்தி. ஈசூன் தம்பி, அப்பாவுக்குச் சிஇஏ (புற்று திரும்புகிறதா என்று கண்காணிக்கப் பார்க்கும் புரதம்) இரத்தப் பரிசோதனை ஒழுங்காக எடுக்கிறீர்களா?

ஈசூன்வாசி:
எடுக்கிறோம் அண்ணே. கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து சிடி அடுத்த மாதம்.