பேசின் பிரிட்ஜில் படகு எங்கே நின்றது?

வியாசர்பாடிக்காரன்:

போன மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரலுக்குப் போனேன். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நின்றது. (அங்கே நிற்காமல் போன வண்டியில் யாராவது ஏறியிருந்தால் சொல்லுங்கள்.) "பேசின்னா கை கழுவுறதுதானே, அதுக்கு எதுக்குப்பா பாலம்?" என்றான். நாற்பது வருஷமாக அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கும் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் கேட்டேன். எண்பது தாண்டியவர், பின்னி மில்லில் தறி ஓட்டியவர். "கால்வாயில வர்ற படகெல்லாம் ஒதுங்கி நின்னு சரக்கு இறக்குற குளம்டா அது" என்றார். சின்ன வயதில் அவர் பார்த்தது விறகுப் படகுகள். பழவேற்காடு பக்கமிருந்து சவுக்குக் கட்டை, உப்பு, சுண்ணாம்புக்குச் சிப்பி. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்களாம். இன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கிறவன் இதை நம்ப மாட்டான்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்தக் கால்வாயை 1806-ல் எண்ணூர் வரைக்கும் வெட்ட ஆரம்பித்தார்கள், காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பேரில். தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டணத்துக்கு வந்தவர்களை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் பேர் கால்வாய்க்கு ஒட்டிக்கொண்டது. அதே சமயத்தில், 1876-ல், பெரம்பூர் பக்கம் பக்கிங்காம் மில். 1881-ல் கர்நாடிக் மில். இரண்டும் சேர்ந்ததைத்தான் நாம் பின்னி மில் என்கிறோம். அங்கே நெய்த காக்கித் துணி பட்டாளத்துக்குப் போனது.

பெரியப்பாவுக்குக் கடிகாரம் வாங்கும் அவசியமே வரவில்லை. மில் சங்கு ஊதினால் பால் வாங்க வேண்டும், இன்னொரு தரம் ஊதினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். 1996-ல் மில் மூடிய பிறகும் கொஞ்ச நாள் அந்த நேரத்துக்குத் தானாக விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மில்லுக்குள் சினிமா எடுத்தார்கள், இப்போது அடுக்குமாடி.

1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் நம்ம ஏரியாவில்தான் பிறந்தது என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஏப்ரல் 27. தொடங்கியவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு. தலைவராக பி.பி. வாடியா, கூடவே திரு.வி.க. சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது அன்றைய பெரிய குறை. ஓடிப்போய் விழுங்கிவிட்டு ஓடிவர வேண்டும். உங்கள் வீட்டில் மில்லுக்காரர் இருந்தால் எழுதுங்கள்.

புளியந்தோப்புப் பேத்தி:

அண்ணா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சங்கு வேறு மாதிரிக் கேட்டது.

எங்க ஆயாவிடம் யூனியன் என்றாலே முகம் சுருங்கும். ஒரு முறை மே தினக் கொடியைப் பார்த்துவிட்டு, "இதுக்காகத்தான் எங்கம்மா குடிசைய கொளுத்தினாங்க" என்றார். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், சிவப்புச் சட்டை வேறு போட்டிருந்தேன். சண்டை போட்டேன். பிறகுதான் 1921 பற்றித் தெரிந்தது. மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள். ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் அடுப்பு எரியாத வீடுகள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அந்தத் தொழிலாளர் பக்கம் நின்றார். தொழிலாளி, முதலாளி என்று ஆரம்பித்த சண்டை சாதிச் சண்டையாகித் தெருவுக்கு வந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது.

ஆயாவின் அம்மா அன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு பித்தளைக் குண்டான். இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அதில்தான் அரிசி போட்டு வைக்கிறோம். சங்கம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை, நானே இப்போது ஒரு சங்கத்தில் இருக்கிறேன். 1918-ஐச் சொல்லும்போது 1921-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

காட்டுக்குப்பம்:

நான் எண்ணூர் பக்கத்து மீனவன், படகு பற்றிக் கேட்டதால் வந்தேன். எங்களுக்குக் கால்வாய் கிளை, கொசஸ்தலை ஆறுதான் தாய். பட்டணத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கும் இந்த ஆற்றுத் தண்ணீர்தான். 1944-ல் பூண்டியில் அணை கட்டி மேலேயே பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் கீழே வரும்போது ஒரு பக்கம் மணலி ஆலைகள், ஒரு பக்கம் அனல் மின் நிலையங்கள், துறைமுகம்.

எங்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. ஆற்றில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. அப்பா காலத்தில் பாடு வருகிற நாள் வீட்டில் திருவிழா. இறால், நண்டு, மடவை, கூடை நிறைய. அம்மா விடியும் முன்னே திருவொற்றியூர் சந்தையில் இருப்பாள்.

என் பாடு நாள் ஒன்றைச் சொல்கிறேன். காலை நாலு மணி, தண்ணீரில் இறங்கினேன். காலடியில் மண் இருக்க வேண்டிய இடத்தில் மாவு மாதிரி ஏதோ புதைந்தது. ஒரு மின் நிலையத்தின் குழாய் உடைந்து வந்த சாம்பல். இடுப்பளவு ஆழம் இருந்த இடம் முழங்கால்தான் வந்தது. வலையைத் தூக்கினால் நாலு இறால், மேலெல்லாம் சாம்பல் பூசி. மனு கொடுத்தோம், வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

2017-ல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோது வாளியில் எண்ணெய் அள்ளினார்கள், டிவியில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய் ஆற்றுக்குள்ளேயே வந்தது. படகு, வலை, மாங்குரோவ், கொக்கின் கால், எல்லாம் கருப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் என் படகில் அந்தக் கோடு போகவில்லை. இப்போது காக்கா ஆழி என்று ஒரு புதுச் சிப்பி தரையெல்லாம் பாய் விரித்த மாதிரிப் படர்ந்து, மட்டியையும் இறாலையும் விரட்டுகிறது. கப்பல் தண்ணீரோடு வந்தது என்கிறார்கள்.

தம்பி, நீங்கள் சொன்ன சங்கு எங்களுக்குக் கேட்காது. நாங்கள் எழுந்ததும் பார்ப்பது புகைக்கூண்டைத்தான். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்துக் காற்று சொல்வோம்.

வியாசர்பாடிக்காரன்:

தங்கச்சி, நீ எழுதியதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தறி ஹால்ல என் பக்கத்துத் தறி புளியந்தோப்பு ஆளுதான். இருபத்தெட்டு வருஷம். ஒரு நாளும் அவன் சாப்பாட்டு டப்பாவ நான் தொட்டதில்ல" என்றார். நான் கேட்காமலேயே சொன்னார்.

காட்டுக்குப்பம் அண்ணே, பையன் படகு பார்க்க வேண்டும் என்கிறான். அடுத்த ஞாயிறு உங்கள் பாடு இல்லையென்றால் காலையில் முகத்துவாரத்துக்கு வருகிறோம். பெரியப்பாவும் வருவார். ஏறி இறங்கக் கை கொடுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.