தீபாவளி மலரும் மாடித்தோட்டமும்

கேள்வி:
சென்னையில் மாத இதழொன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். ஆடிப்பட்டத்தில் மாடியில் வெண்டை விதைத்தால், அது காய்க்கும் வேளையில் தீபாவளி மலரின் மெய்ப்புகள் (அச்சுக்கு முன் பிழை திருத்த வேண்டிய பக்கங்கள்) வந்து குவிகின்றன. வீணைப் பயிற்சியும் நின்றுபோகிறது. இவற்றை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மறுமொழி:
மலர் தள்ளிப்போகாது என்பதால் பயிரைத்தான் மாற்ற வேண்டும். வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும் என்பதால், பக்கங்கள் அச்சுக்குப் போகும் வாரங்களுக்கு அது ஒத்துவராது. சேனையையும் மஞ்சளையும் வைகாசியில் நட்டுவிட்டால், தை வரை உங்களை அவசரப்படுத்த மாட்டா. வெண்டையைத் தைப்பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் மலரும் அதற்குள் முடிந்திருக்கும்.

மறுமொழி:
நண்பர் சொன்னது சரி, ஆனால் தண்ணீர்? டைமர் பொருத்திய சொட்டுநீர்க் குழாயும், ஈரம் காக்கத் தென்னை நார்க்கழிவு கலந்த மண்ணும் இருந்தால், இரவு தாமதமாக வீடு திரும்பினாலும் செடி வாடாது. மாவுப்பூச்சி தென்பட்டால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள்.

மறுமொழி:
வீணையை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! புதிய கீர்த்தனை கற்பதை மலர் முடியும்வரை ஒத்திவைக்கும்படி உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் கால் மணி நேரம் சரளிவரிசை, அலங்காரம் ஆகிய அடிப்படைப் பயிற்சிகளை மட்டும் வாசியுங்கள். விரலில் பழக்கம் விட்டுப்போகாமலிருக்க அது போதும்.