நேபாளத்துல இருக்கற போக்ராவுல உக்காந்து ஆன்லைன்ல வேலை பாக்கலாமா? நான் பாத்த வரைக்கும்

கேட்டவங்களுக்கு மொதல்லயே சொல்லிடறேன், வாடகையும் மலையும் பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்க வேலைல வீடியோ கால் எவ்ளோன்னு பாருங்க.

இந்தியாவுலேர்ந்து போற நம்மாளுங்களுக்கு விசா வேணாம். பாஸ்போர்ட் இல்லன்னா ஒரிஜினல் வோட்டர் ஐடி போதும், ஆதார் காட்டுனா ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க. (இலங்கை பாஸ்போர்ட்னா விசா எடுக்கணும், வருஷத்துக்கு மொத்தமே 150 நாள்தான்.) நம்ம 100 ரூவா அங்க 160, 1993லேர்ந்து அதே ரேட்டு. 2024லேர்ந்து நம்ம யூபிஐலயே நெறைய கடைல ஸ்கேன் பண்ணலாம். டைம் நம்மள விட கால் மணி நேரம் முன்னாடி, 10 மணி மீட்டிங் அங்க 10.15, பழகுற வரைக்கும் மண்டை காயும்.

ஏரியை ஒட்டின லேக்சைடு ஏரியாவுல ரூம் எடுத்திருந்தேன், ஃபைபர் நெட் ஸ்பீடு குறையே சொல்ல முடியாது. பழைய மாதிரி மணிக்கணக்கா கரண்ட் கட் இப்ப இல்ல, ஆனா மழை அடிச்சா பொசுக்குன்னு போகும். போனா லைட்டு இன்வெர்ட்டர்ல எரியுது, ஃபைபர் பெட்டி மட்டும் வேற பிளக்ல இருந்ததால செத்துடும், நான் க்ளையன்ட் முன்னாடி அப்படியே ஃப்ரீஸ். ஓனரம்மா தீதிகிட்ட சொன்னதும் அவங்க பையன் ஹால் வழியா ஒயர் இழுத்து இன்வெர்ட்டர் லைன்ல குடுத்தான், அப்புறம்தான் நிம்மதி. ரூம் பாக்கப் போனா ஜன்னல்ல ஃபேவா ஏரி தெரியுதான்னு பாக்கறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டி எதுல சொருகியிருக்குன்னு பாருங்க.

ஆனா நம்ம கைல இல்லாத விஷயமும் இருக்கு. கடலே இல்லாத நாடு, நெட்டுல பெரும்பங்கு இந்தியா வழியாத்தான் போகுது. 2024 மே மாசம் பணம் பாக்கி வச்ச தகராறுல இந்தப் பக்கம் லைனை நிறுத்த, அங்க நெறைய பேருக்கு சில மணி நேரம் நெட்டே இல்ல. 2025 செப்டம்பர்ல வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் சில நாள் தடை, அப்புறம் போராட்டம், ஊரடங்கு, பிரதமரே ராஜினாமா, காட்மாண்டு ஏர்போர்ட்டும் மூடிட்டாங்க. வாட்ஸ்அப்லயே பொழப்பு நடத்தறவங்க யோசிச்சுக்கோங்க.

மழைக்காலத்துல காட்மாண்டு ரோடு மண்சரிவுல மாட்டும், மார்ச் ஏப்ரல்ல காட்டுத்தீ புகைல மச்சபுச்ரே மலை இருக்கற தெசையே தெரியாது. என்னைக் கேட்டா அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசம் சூப்பர், வருஷம் பூரா பேஸா வச்சுக்க மாட்டேன். ஜனவரில போறதா இருந்தா ரூம்ல ஹீட்டர் இருக்கான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க, பல எடத்துல கிடையாது, காலைல வெரல் வெறச்சு கீபோர்டே தட்ட முடியாது.