எட்டாம் வகுப்பிலிருந்து ஒழுக்கப் பாடம், அதற்குக் கிரேடு: வேண்டுமா, வேண்டாமா?

கொழிஞ்சாம்பாறை பாலு:
எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் உள்ள ஒரு ஹைஸ்கூலில் என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். போன வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்க (பி.டி.ஏ.) கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் வாரத்தில் இரண்டு பீரியட் ஒதுக்கி, ஒழுக்கத்தையும் குடிமைப் பொறுப்பையும் சேர்த்துத் தனிப் பாடமாக நடத்துவது. புரோகிரஸ் கார்டில் அதற்கு ஏ, பி, சி என்று கிரேடும் போடுவது. சிங்கப்பூரில் இப்படி ஒரு பாடம் இருக்கிறது என்று ஒருவர் சொல்லித்தான் பேச்சே ஆரம்பமானது. போதைப் பொருள், பஸ் ஸ்டாண்டில் அடிதடி, ராத்திரி முழுக்க மொபைல் என்று பெற்றோர் எல்லோரும் பயந்து போய்த்தான் இருக்கிறோம், அதனால் பாதிப் பேர் உடனே கை தூக்கிவிட்டார்கள். பாடம் வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கிரேடுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எல்லைப்புறத்தான்:
பாலு அண்ணா, என்னைக் கேட்டால் இரண்டுமே வேண்டாம். நேர்மையைப் பற்றி ஐந்து மார்க்குக்குக் கேள்வி வந்தால் பிள்ளை நேர்மையைப் பற்றி எழுதக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். கிரேடு என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். டீச்சர் பார்க்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கத் தெரிந்தவனுக்கு ஏ, கேள்வி கேட்கிறவனுக்கு சி.

குடிமைப் பாடம் நம் வாசலிலேயே கிடக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்து பிளாச்சிமடையில் 2000-ல் ஒரு குளிர்பான ஆலை வந்தது. அப்புறம் கிணற்றுத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லாமல் போய்விட்டது என்று அக்கம்பக்கத்து ஜனங்கள் 2002 ஏப்ரலில் ஆலை முன்னால் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் இரவாளர் என்ற பழங்குடிச் சமூகத்து மயிலம்மா. 2003-ல் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. மயிலம்மா பள்ளிக்கூடம் போய்ப் படித்தவரே இல்லை. அவருக்கு யார் கிரேடு போட்டார்கள்?

சோஷியல் டீச்சர்:
நான் இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். எல்லைப்புறத்தான் சார், மயிலம்மாவை நீங்களே சொன்னது நல்லதாகப் போயிற்று. என் ஒன்பதாம் வகுப்பில் அவர் யார் என்று கேட்டேன். சைக்கிளில் பிளாச்சிமடை போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிற பிள்ளைகள். ஒன்றிரண்டு பேருக்குத்தான் பெயராவது தெரிந்திருந்தது. வாசலில் கிடக்கிறது என்கிறீர்கள். கிடப்பதை எடுத்துக் காட்ட ஒரு மணி நேரம் வேண்டாமா?

டைம்டேபிளில் இடம் இல்லாத எதுவும் பள்ளிக்கூடத்தில் நடக்காது. பத்தாம் வகுப்பில் ஓணப் பரீட்சை முடிந்ததும் பி.டி., டிராயிங், கைவேலை எல்லாப் பீரியடும் கணக்குக்கும் சயன்ஸுக்கும் போய்விடும். அதைத் தடுக்க முயன்று தோற்றவர்களில் நானும் ஒருத்தி. 2025 ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் போதைப் பொருள், சாலை விதி, சுத்தம், மொபைல் பழக்கம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நல்ல காரியம். மீதி வருஷத்துக்கு என்ன வழி?

அப்படிக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளமே லாரி அனுப்பித் திருப்பி எடுத்துப்போனது ஞாபகம் இருக்கும். அதைச் சொல்லிவிட்டு, 'உங்கள் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?' என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து, அவள் அம்மா வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குகிற ஹரித கர்ம சேனையில் வேலை பார்க்கிறார் என்றாள். மாசம் ஐம்பது ரூபாய் கேட்டால் சில வீடுகளில் கேட்டைத் திறப்பதே இல்லை, பால் கவரைக் கழுவாமல் கொடுக்கிறார்கள், மூட்டையைப் பிரித்தால் புழு நெளிகிறது என்றாள். அந்த வீடுகளில் ஒன்றின் பையன் அதே வகுப்பில், பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒருவரும் பேசவில்லை. மறுவாரம் அவன் வந்து, 'டீச்சர், எங்கள் வீட்டில் கவரை நான்தான் கழுவிக் காயப்போடுகிறேன்' என்றான். இதை எந்தப் பாடப் புத்தகத்தில் வைத்து நடத்துவது? ஆனால் அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் இது நடந்திருக்காது.

வாளையார் சுபேதார்:
ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். டீச்சர் சொல்வதை ஆதரிக்கிறேன். ஆனால் விவாதம், கலந்துரையாடல் எல்லாம் அப்புறம். முதலில் நேரத்துக்கு வருவது, பெரியவர்கள் சொன்னதைக் கேட்பது, தேசிய கீதத்துக்கு அசையாமல் நின்று வாய்விட்டுப் பாடுவது. அதைச் செய்யாத பிள்ளைக்கு சி கிரேடு போடுவதில் என்ன தப்பு? தமிழ்நாட்டில் அறத்துப்பாலும் பொருட்பாலும் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று 2016-ல் மதுரைக் கிளை நீதிமன்றமே சொல்லிற்று. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறளைத் தாண்டி ஒழுக்கப் பாடம் வேறெதற்கு?

எல்லைப்புறத்தான்:
சுபேதார் ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தேசிய கீத விஷயம் நம் கேரளத்திலேயே சுப்ரீம் கோர்ட் வரை போய் வந்தது. 1985-ல் கோட்டயம் பக்கம் ஒரு பள்ளியில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அவர்கள் நம்பிக்கை பாட அனுமதிக்கவில்லை. பள்ளியை விட்டு வெளியேற்றினார்கள். 1986 ஆகஸ்டில் பிஜோ இம்மானுவேல் வழக்கில் சுப்ரீம் கோர்ட், எழுந்து நின்றதே மரியாதைதான், பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னது. நீங்கள் கேட்கிற கிரேடு அன்று இருந்திருந்தால் அந்த மூன்று பேருக்கும் சி. அரசியலமைப்போ அவர்கள் பக்கம் நின்றது. ஒழுக்கம் என்று நாம் எதை நினைக்கிறோம் என்பதிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, ஒரு டீச்சர் கையில் பேனாவைக் கொடுத்து எப்படி மார்க் போடச் சொல்வது?

வாளையார் சுபேதார்:
தீர்ப்பை மதிக்கிறேன். அது மூன்று பேருடைய நம்பிக்கை பற்றியது. நான் சொல்வது சோம்பலில் நிற்காத முந்நூறு பேரைப் பற்றி.

சிங்கை சித்தூர்க்காரி:
என் பிள்ளைகள் இங்கே சிங்கப்பூரில் படிக்கிறார்கள். பி.டி.ஏ.வில் இந்த ஊர் பெயர் அடிபட்டதால் இங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஆமாம், இப்படி ஒரு பாடம் இருக்கிறது. 2014-ல் ஒரு பாடத்திட்டம் வந்தது, 2021-ல் அதைத் திருத்தினார்கள். மரியாதை, பொறுப்பு, மீண்டெழும் திறன், நேர்மை, பரிவு, நல்லிணக்கம் ஆகிய ஆறும் அடிப்படை. தொடக்கப் பள்ளியில் அதைத் தாய்மொழி ஆசிரியரே நடத்துகிறார், எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில். உயர்நிலைப் பள்ளியில் மனநலம், இணையத்தில் நடந்துகொள்ளும் முறை, நாட்டு நடப்பு பற்றிய விவாதம் எல்லாம் சேர்கிறது.

ஆனால் இதற்குப் பரீட்சை கிடையாது. நடத்தைக்கு என்று ஒரு தனி கிரேடு உண்டு, அது வேறு. சமூகத் தொண்டும் பள்ளி வாழ்க்கையில் ஒரு பகுதிதான். கூட்டத்தில் பேசியவர் விட்டுவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் தொண்டு, தலைமை, பங்கேற்பு, சாதனை எல்லாம் பதிவாகி, ஜூனியர் காலேஜ், பாலிடெக்னிக் சேரும்போது ஒன்றோ இரண்டோ போனஸ் புள்ளியாக மாறும். அதனால் எத்தனை மணி நேரத் தொண்டு இன்னும் பாக்கி என்று பிள்ளைகள் கணக்குப் பார்ப்பதை நான் வீட்டிலேயே பார்க்கிறேன். முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டு வந்து அந்தத் தாத்தாவைப் பற்றியே இரண்டு நாள் பேசுகிற பிள்ளையும் இதே வீட்டில் இருக்கிறது. ஆகவே பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், புள்ளியை இங்கேயே விட்டுவிடுங்கள்.

முன்னாள் கேடட்:
நான் ப்ளஸ் டூ படிக்கிறேன். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலீஸ் மூலம் பயிற்சி தருகிற ஸ்டூடண்ட் போலீஸ் கேடட், எஸ்.பி.சி.யில் இருந்தேன். 2010 ஆகஸ்டில் கேரளத்தில் 127 பள்ளிகளில் ஆரம்பித்து, 2018-ல் நாடு முழுக்கப் போன திட்டம். ஒரு பேட்சுக்கு 44 பேர், பெண்கள் 22, பையன்கள் 22. கிரேஸ் மார்க் உண்டு என்றுதான் என்னையும் அப்பா சேர்த்தார், மறைக்கவில்லை. ஆனால் எனக்குள் மாற்றம் வந்தது மார்க்கால் இல்லை. ஸ்டேஷனுக்குப் போனபோது புகார் எப்படி எழுதுவது, ரசீது கேட்டு வாங்குவது எப்படி என்று ஒரு பெண் போலீஸ் சொல்லித் தந்தார். அதுவரை எங்கள் வீட்டில் ஸ்டேஷன் என்றால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போகிற இடம்.

என் வருத்தம் வேறு. 44 பேர் யூனிஃபார்ம் போட்டுப் பரேடு பண்ணும்போது மீதிப் பிள்ளைகள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். உயரம், ஓட்டம் என்று பார்த்து எங்களை எடுத்தார்கள். புகார் எழுதத் தெரிய உயரம் எதற்கு? அதனால் எல்லோருக்கும் ஒரு பீரியட் வேண்டும் என்பதில் நான் டீச்சர் பக்கம்.

நகரி சுப்பு:
ஆந்திர எல்லையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் மாநில அரசு 2024 நவம்பரில் ஆன்மிகப் பிரவசனம் செய்யும் சாகண்டி கோட்டேஸ்வர ராவை மாணவர்களின் நெறிகள், விழுமியங்களுக்கு ஆலோசகராக நியமித்தது. அவர் பேச்சை என் அம்மா விடாமல் கேட்பார், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் கேட்கிறேன். தாய் தகப்பனை மதி, பொய் சொல்லாதே என்பது ஒரு பாடம். ரேஷன் கடையில் எடை குறைந்தால் யாரிடம் போவது என்பது வேறொரு பாடம். இரண்டையும் ஒரே பீரியடில் போட்டால் முதல் பாடமே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். பாலு சார், உங்கள் கூட்டத்தில் இதைப் பிரித்துப் பேசுங்கள்.

எல்லைப்புறத்தான்:
நகரி அண்ணன் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். கேடட் தங்கச்சி சொன்னதைப் படித்த பிறகு பீரியட் வேண்டாம் என்று நான் அடம்பிடிக்கப் போவதில்லை. ஆனால் உள்ளே என்ன வைப்பது என்று எழுதிக் கொடுக்காமல் கை தூக்காதீர்கள். கொல்லம் மாவட்டத்தைப் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கெல்லாம் அரசியலமைப்பைச் சொல்லித் தர, தன்னார்வலர்களுக்கு 'செனட்டர்' என்று பெயர் கொடுத்து வீடு, பள்ளி, வேலை இடம் என்று அனுப்பினார்கள். 2023 ஜனவரியில் அதை அரசியலமைப்பு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவித்தார்கள். அதில் பரீட்சைக்குப் பயந்து உட்கார்ந்தவர் யாரும் இல்லை.

நம் ஊருக்கென்றே இருக்கிற விஷயங்களை வையுங்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும். தண்ணீர் குறைந்தால் இங்கே ஒரு கோபம், பொள்ளாச்சியில் ஒரு கோபம். ஒரே மொழி பேசுகிற, ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுக்கிற இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் அந்த ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பேச விடுங்கள்.

இன்னொன்று. தமிழும் கன்னடமும் பேசுகிற சிறுபான்மையினர் தங்கள் பகுதி அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்று கேரளத்தில் ஏற்பாடு இருக்கிறது. எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? மலையாளத்தில் எழுதித் தர ஆள் தேடிக் காசு கொடுக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தமிழில் ஒரு மனு எழுதி, பஞ்சாயத்தில் கொடுத்து, நம்பர் வாங்கிக்கொண்டு வரட்டும்.

சோஷியல் டீச்சர்:
மனு யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஸ்கூல் பார்லிமென்ட் தேர்தலையும் சேர்க்க வேண்டும். ரகசிய ஓட்டெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஜெயித்த லீடருக்கு அப்புறம் அசெம்பிளியில் வரிசை பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று அந்தப் பிள்ளை ஸ்டாஃப் மீட்டிங்கில் வந்து சொல்ல ஐந்து நிமிஷம் கொடுத்தால், எங்களுக்கும் அது பாடம்.

மார்க் விஷயத்தில் மட்டும் நான் முழுசாக இறங்கி வர முடியாது. நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற கிரேடு வேண்டாம், சரி. ஆனால் கார்டில் எதுவுமே இல்லாத பாடத்தைப் பெற்றோரே மதிக்க மாட்டார்கள். செய்த வேலையையாவது பதிய வேண்டும்: மனு எழுதினான், கிராம சபைக்குப் போய் உட்கார்ந்தாள், விவாதத்தில் எதிர்த் தரப்பு எடுத்துப் பேசினான் என்று.

எல்லைப்புறத்தான்:
பதியலாம் டீச்சர். நான் எதிர்ப்பது அதை ஏ, பி என்று மாற்றுவதைத்தான். மாற்றிய அடுத்த வருஷமே நெட் சென்டரில் ரெடிமேட் மனு பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்.

கொழிஞ்சாம்பாறை பாலு:
எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் நான் வைக்கப் போவது இது. வாரத்துக்கு ஒரு பீரியட், கிரேடு கிடையாது, செய்த வேலை மட்டும் கார்டின் பின்பக்கத்தில். முதல் டெர்மில் குப்பையும் மனுவும், அடுத்ததில் ஆழியாற்றுத் தண்ணீர். சுபேதார் ஐயாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைக்கலாம் என்று இருக்கிறேன், அந்த 1986 தீர்ப்பு பற்றிப் பிள்ளைகளோடு பேச.

வாளையார் சுபேதார்:
வருகிறேன். ஆனால் என் பக்கத்தைத்தான் பேசுவேன்.

சோஷியல் டீச்சர்:
அதற்காகத்தான் கூப்பிடுகிறோம் ஐயா. பாலு சார், ஒன்றை மட்டும் தீர்மானத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்: பத்தாம் வகுப்பில் ஓணத்துக்கு அப்புறம் அந்தப் பீரியடைக் கணக்குக்குக் கொடுக்கக் கூடாது என்று. வாய்ச் சொல்லாக வாங்கி வராதீர்கள், மினிட்ஸில் ஏற்றி ஹெச்.எம். கையெழுத்தோடு வாங்குங்கள்.