டிராப்டவுனில் நீக்கியும் நீங்காத ஆப்ஷன்கள்: உங்கள் அனுபவம் என்ன?

இரவுப்பணி:
ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்துக்காக நான் எழுதிய நான்கு வரி லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்) இன்றும் உறுத்துகிறது. தொட்டால் விரியும் டிராப்டவுன் பட்டியலில் காலை 9:00 முதல் 11:45 வரை, கால் மணிக்கு ஒன்றாக 12 ஆப்ஷன்கள் (தேர்வுகள்). ஏற்கெனவே பதிவான நேரங்களைப் பக்கம் திறக்கும்போதே உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நீக்கிவிட வேண்டும். 9:30, 11:00 ஆகிய இரண்டையும் பதிவானவையாக வைத்துச் சோதித்தேன். இரண்டும் போயின, நானும் வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை வரவேற்பு மேசையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இரண்டு கைபேசிகள் அருகருகே வைக்கப்பட்டிருந்தன, ஒன்றின் திரை மூலையில் கீறல் விட்டிருந்தது, இரண்டிலும் 10:15. படத்தின் கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

அன்று 10:00, 10:15 என அடுத்தடுத்த இரண்டு நேரங்கள் முதலிலேயே பதிவாகியிருந்தன. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 10:00-இன் இன்டெக்ஸ் (வரிசை எண்) 4. அதை நீக்கியவுடன் 10:15 மேலே ஏறி 4-க்கு வந்துவிட்டது. லூப்போ 5-க்கு நகர்ந்து 10:30-ஐப் பார்த்தது. ஆகவே 10:15-ஐ அது சோதிக்கவே இல்லை. ஆப்ஷன்ஸ் தொகுப்பு நீக்க நீக்கச் சுருங்கும் என்பது தெரியாதவன் அல்லன் நான். அன்று தோன்றவில்லை, அவ்வளவுதான். லூப்பைக் கடைசியிலிருந்து பூஜ்யத்தை நோக்கி ஓடவிட்டதும் சரியாயிற்று.

கண்ணாடித்திரை:
நான் நீக்கவே இல்லை, மறைத்தேன். வேண்டாத ஆப்ஷன்களுக்கு ஸ்டைலில் டிஸ்பிளே நன் (காட்டாதே என்னும் கட்டளை) கொடுத்தேன். என் கணினியின் குரோமில் அவை காணாமல் போயின. வாடிக்கையாளரின் கூட்டத்தில் அவர் தம் ஐபோனை எடுத்து, அந்தப் பட்டியலை விரலால் மெதுவாகச் சுழற்றி, மறைத்தவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். ஐந்தாவதை வாசிக்கும்போது என் மேலாளர் என் பக்கம் திரும்பினார். அதன்பின் முழுப் பட்டியலை ஓர் அரேயில் (நிரலுக்குள் வைக்கும் பட்டியலில்) நகலெடுத்து வைத்துக்கொண்டு, உண்மையாகவே நீக்கி, தேவைப்படும்போது அதிலிருந்து மீண்டும் சேர்க்கிறேன்.

பழைய கை:
இரவுப்பணி அவர்களே, லூப்பைத் திருப்பியதும் சரியாயிற்று என்கிறீர்கள், எனக்கு உடன்பாடில்லை. இருவர் ஒரே நிமிடத்தில் பக்கத்தைத் திறந்திருந்தால், உங்கள் லூப் எந்தத் திசையில் ஓடினாலும் இருவருக்கும் 10:15 தெரியத்தான் செய்யும். உலாவியில் ஆப்ஷனை நீக்குவது பயனரின் வசதிக்காக மட்டுமே. பக்கத்தின் உள்ளமைப்பை மாற்றவிடும் டெவலப்பர் டூல்ஸை உலாவியில் திறக்கத் தெரிந்த எவரும் அதைத் திரும்பச் சேர்த்து அனுப்பிவிடலாம். மருத்துவர், தேதி, நேரம் மூன்றும் சேர்ந்து ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் மற்றவையெல்லாம் ஓட்டைப் பானைக்கு வெளிப்பூச்சு.

திருப்பி ஓடுவதும் கட்டாயமில்லை. குவெரி செலக்டர் ஆல் என்னும் கட்டளை தரும் பட்டியல் சுருங்காது. அதில் முன்னோக்கியே சென்று ஒவ்வொன்றையும் நீக்கலாம். அனைத்தையும் காலிசெய்ய வேண்டுமென்றால் லூப்பே வேண்டாம், ஆப்ஷன்ஸின் லெங்தை, அதாவது எண்ணிக்கையை, பூஜ்யமாக்கினால் போதும். ஆனால் ஆப்ஷன்களைத் தலைப்பிட்டுப் பிரிக்கும் ஆப்ட்குரூப் இருந்தால் உள்ளே இருப்பவை போய்த் தலைப்புகள் மட்டும் மொட்டையாக நிற்கும். அவற்றைத் தனியே நீக்குங்கள்.

என் அனுபவம் சிறியது. செலக்டின் (டிராப்டவுனுக்கு நிரலில் உள்ள பெயர்) ரிமூவ் கட்டளையை அடைப்புக்குறிக்குள் எண் தராமல் அழைத்தேன். ஆப்ஷன் போகவில்லை, டிராப்டவுனே பக்கத்திலிருந்து போய்விட்டது.

நெல்லைச்சாரல்:
பழைய கை சொல்வது முறைதான். ஆனாலும் என் விஷயத்தில் சர்வருக்கு வந்தது முற்றிலும் செல்லுபடியாகும் மதிப்பு. அதனால்தான் எந்தச் சோதனையிலும் அது சிக்கவில்லை.

2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகப் பிரிந்தபோது, சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம், மயிலாடுதுறை ஆகிய தாலுகாக்கள் அதனுடன் சென்றன. எங்கள் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு மாவட்டங்களின் தாலுகாக்களும் ஒரே பட்டியலில் இருந்தன. மாவட்டத்தைத் தேர்ந்ததும் மற்றதன் தாலுகாக்களை ஸ்கிரிப்ட் நீக்கும். ஒருவர் முதலில் தரங்கம்பாடியைத் தேர்ந்து, பிறகு பழைய பழக்கத்தில் மாவட்டம் நாகப்பட்டினம் என்று தொட்டிருக்கிறார். தரங்கம்பாடி நீங்கியது. பட்டியலின் முதல் வரியான ‘தேர்ந்தெடுக்கவும்’ என்பதை நான் தேர்ந்தெடுக்க முடியாதபடி டிசேபிள் செய்திருந்ததால் உலாவி அதையும் தாண்டி, அடுத்திருந்த கீழ்வேளூரைத் தானே தேர்ந்துகொண்டது. ஸ்கிரிப்ட் நீக்கும்போது, தேர்வு மாறியதை அறிவிக்கும் சேஞ்ச் ஈவென்ட் எழாது. ஆகவே பக்கத்தில் காட்டிய அலுவலக முகவரி தரங்கம்பாடியுடையதாகவே நின்றது. அவர் முகவரியைப் பார்த்து நம்பி அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில், “நான் கீழ்வேளூருக்குப் போனதே கிடையாது சார்” என்றார்.

இப்போது ‘தேர்ந்தெடுக்கவும்’ வரிக்கு வெற்று மதிப்பு தந்து டிசேபிளை எடுத்துவிட்டேன். செலக்டுக்கு ரிக்வயர்ட் (தேர்வு கட்டாயம்) சேர்த்தேன். நீக்கி முடிந்ததும் சேஞ்ச் ஈவென்டை நானே எழுப்புகிறேன்.

இரவுப்பணி:
பழைய கை அவர்களுக்கு: யூனிக் கட்டுப்பாட்டை அந்த வாரமே போட்டோம், கோபம் வேண்டாம். சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. நான் திருத்தி ஏற்றுவதற்கு முன்பே வரவேற்பு மேசையிலிருந்த அம்மா தம் நோட்டில் பேனாவால் 10:15 அ, 10:15 ஆ என்று எழுதி, காய்ச்சலில் அழுதுகொண்டிருந்த குழந்தையை முதலில் உள்ளே அனுப்பியிருந்தார்.