தாராசுரம் கோயில் அருகே பழைய ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் இருக்கிறது எங்கள் பூர்வீக வீடு. கைமரங்கள் உளுத்துவிட்டன, ஓடு சரிகிறது. அடுத்த மழைக்குத் தாங்காது.

1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம், 2010 திருத்தத்தோடு, நூறு மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாம் இராசராசன் எடுத்த கோயில். அறுபத்துமூவர் கதையைச் சிறு சிற்பங்களாகச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நாலு மாடி எழும்பினால் யாருக்கு லாபம்?

ஆனால் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம் என்று அதே சட்டம்தான் சொல்கிறது. விசாரித்த இடத்திலோ, "ஒன்றும் செய்ய முடியாது" என்று வாய்மொழியாகவே அனுப்பிவிட்டார்கள். "ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து மேய்ந்துவிடலாம்" என்கிறார் கொத்தனார். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

இப்படி அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வீட்டின் வயதுக்கு எதை ஆதாரமாகக் கொடுத்தீர்கள்? தாத்தா பெயரில் பத்திரமும் பழைய வீட்டு வரி ரசீதுகளும் இருக்கின்றன; வரைபடம் கிடையாது. கைமரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் போட்டால் அதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்பார்களா? கும்பகோணம் பக்கம் இந்த விண்ணப்பத்தைத் தயாரித்துப் பழகிய பொறியாளர் இருந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.